டாக்ஸின்ஸ் ஆய்வகம்: குண்டு வெடிக்காவிட்டால் எங்கே பார்ப்பது?

கோட்டையூரில் ஐயா வீட்டு இரண்டாம் கட்டில் மூன்று கணினிகளைப் போட்டு, சனி இரவுகளில் நானும் சித்தி மகன்கள் இருவரும் ஸ்பேஸ் ஸ்டேஷன் 13 ஆடுகிறோம். 2003-இல் பையாண்ட் (BYOND) என்ற இணைய விளையாட்டு மேடையில் பிறந்த விளையாட்டு அது. மேலிருந்து பார்க்கும் சின்னச் சின்னக் கட்டங்கள்தான் படம். ஆனால் அந்தக் கட்டம் ஒவ்வொன்றிலும் காற்றின் அழுத்தம், வெப்பநிலை, எந்த வாயு எத்தனை மோல் என்று உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு பொறுமையாகக் காற்றைக் கணக்குப் பார்க்கும் விளையாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தக் கணக்கு முழுவதும் ஒன்றுகூடும் இடம் டாக்ஸின்ஸ் ஆய்வகம். புதிய பதிப்புகளில் ஆர்ட்னன்ஸ் என்கிறார்கள். சூடான பிளாஸ்மா (இந்த விளையாட்டின் கற்பனை எரிவாயு) ஒரு டேங்கில், குளிர்ந்த ஆக்சிஜன் இன்னொரு டேங்கில், நடுவே ஒரு பரிமாற்ற வால்வு. வால்வு திறந்தால் இரண்டும் கலந்து, பற்றி, வெடிக்க வேண்டும். இதுதான் குண்டு. அதைத் தொலைவிலுள்ள சோதனைத் தளத்துக்கு ஏவி, வெடிப்பை அளப்பதுதான் வேலை.

என் தம்பிமார் கேட்ட கேள்விகளையே இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எண்கள் இந்த விளையாட்டின் பதிப்புகளில் ஒன்றான டிஜி ஸ்டேஷன் நிரலை ஒட்டியவை. மற்ற சர்வர்கள் சிலவற்றை மாற்றி வைத்திருக்கும். உங்கள் சர்வரின் எண்ணை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், கணக்கின் வழி மாறாது.

வால்வு திறந்தது, ஒன்றுமே நடக்கவில்லை

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். வால்வைத் தொலைவிலிருந்து திறக்கும் சிக்னலர் கருவியிலிருந்து சிக்னல் போகிறது, வால்வு திறக்கிறது, பிறகு அமைதி. சித்தியின் மூத்த மகன் சிக்னலர் மேல் பழி போட்டு மூன்று சிக்னலர் மாற்றிவிட்டான். "அண்ணே, கருவியில்தான் கோளாறு" என்று அடித்துச் சொன்னான். சிக்னலரில் ஒரு குறையும் இல்லை. குறை வெப்பத்தில் இருந்தது.

பிளாஸ்மா பற்ற வேண்டுமானால் கலவை குறைந்தது 100 டிகிரி செல்சியஸ், அதாவது 373.15 கெல்வின் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு கலந்த பின் இருக்கும் வெப்பநிலைக்கு. பிளாஸ்மா டேங்கைத் தனியாகப் பார்த்து, "300 டிகிரிக்கு மேல் இருக்கிறதே, போதாதா" என்று நினைப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

வீட்டில் ஆச்சி வெள்ளைப் பணியாரம் ஊற்றும்போது பார்த்திருக்கிறேன். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கும், ஆனால் சட்டி சிறியது. ஒரு கரண்டி மாவு விழுந்தால் பணியாரம் உப்பி மேலே வரும். அவசரப்பட்டு மாவை மேலும் மேலும் விட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, பணியாரம் எண்ணெய் குடித்துக்கொண்டு தட்டையாகக் கிடக்கும். எண்ணெய் எவ்வளவு காய்ந்தது என்பதோடு, எவ்வளவு எண்ணெயில் எவ்வளவு மாவு விழுகிறது என்பதும் சேர்ந்தே பணியாரத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு டேங்குகளும் அப்படியே.

இப்போது கணக்கைப் போடுவோம். டேங்கின் கொள்ளளவு 70 லிட்டர். மோல் எண்ணிக்கை வேண்டுமானால் அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்கி, 8.31-ஐ வெப்பநிலையால் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். அழுத்தம் கிலோபாஸ்கலில், வெப்பநிலை கெல்வினில். அடிப்படை பாகங்கள் கொண்ட ஃப்ரீசர் 73.15 கெல்வின் வரை குளிர்விக்கும். அந்தக் குளிரில் 1,013 கிலோபாஸ்கலுக்கு நிரப்பிய ஆக்சிஜன் டேங்கில் சுமார் 117 மோல் இருக்கும். அதே டேங்கை அறை வெப்பநிலையில், 293.15 கெல்வினில், அதே அழுத்தத்துக்கு நிரப்பினால் 29 மோல்தான். குளிரவைப்பதன் பயன் இதுதான், ஒரே டேங்கில் நான்கு மடங்கு ஆக்சிஜன் அடங்கிவிடுகிறது.

எதிர்ப்பக்கம் பிளாஸ்மா. அதன் வெப்பக் கொள்திறன் மோலுக்கு 200, ஆக்சிஜனுக்கு 20 மட்டும். ஒரு மோல் பிளாஸ்மா பத்து மோல் ஆக்சிஜனுக்குச் சமமாக வெப்பத்தைச் சுமக்கிறது. அந்தச் சுமையால்தான் கொஞ்சம் பிளாஸ்மா நிறைய ஆக்சிஜனைச் சூடாக்க முடிகிறது.

தம்பி செய்த குண்டில் பிளாஸ்மா 600 கெல்வின், 1,013 கிலோபாஸ்கல். சுமார் 14.2 மோல். குளிர்ந்த ஆக்சிஜனுடன் கலந்தால் வருவது 362.6 கெல்வின், 89 டிகிரி சொச்சம். பதினொரு டிகிரி போதவில்லை, தீ பற்றவில்லை. கலவையின் அழுத்தம் சுமார் 2,800 கிலோபாஸ்கலில் நின்றுவிட்டது. டேங்க் கசியவே 3,040 வேண்டும். அதனால்தான் ஓசையும் இல்லை, கசிவும் இல்லை. குண்டு சும்மா கிடந்தது.

அதே அழுத்தத்தில் பிளாஸ்மாவை 700 கெல்வினுக்கு ஏற்றினோம். மோல் 12.2 ஆகக் குறைந்தது. கலவை 393 கெல்வினுக்கு வந்தது, பற்றிக்கொண்டது. பிளாஸ்மா குறைந்தும் கலவை சூடாவது எப்படி என்று அவன் கேட்டான். அழுத்தம் மாறாதவரை டேங்க் சுமக்கும் மொத்த வெப்பமும் மாறுவதில்லை. அதே வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்ள இப்போது மோல் குறைவு, ஆகவே ஒவ்வொன்றுக்கும் பங்கு கூடுகிறது.

வால்வில் பொருத்துமுன் இரு டேங்குகளையும் வாயு அளவியால் பார்த்து, மோலையும் வெப்பநிலையையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டின் மோலையும் கொள்திறனால் பெருக்கி, வெப்பநிலையால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கொள்திறனால் வகுத்தால் கலவை வெப்பநிலை வந்துவிடும். 373-க்குக் கீழே வந்தால் ஏவுவது வீண்.

ஒரு கிளைச் செய்தி. தங்கை காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறாள். 73 கெல்வின் என்று கேட்டதும், "ஆக்சிஜன் 90 கெல்வினிலேயே திரவமாகிவிடுமே அண்ணே" என்றாள். அவள் சொல்வது சரி. விளையாட்டில் வாயுக்கள் உறைவதும் இல்லை, திரவமாவதும் இல்லை. பிளாஸ்மா என்பதும் கற்பனைப் பொருள்தான். 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கணக்கு திரைக்குள் மட்டும் செல்லும். வீட்டுச் சிலிண்டருக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இதில் ஒரு வரிகூடப் பொருந்தாது.

வெப்பநிலை சரியாக இருந்தும் பற்றவில்லை

அளவி 700 கெல்வின் காட்டுகிறது, அழுத்தமும் 1,013. ஆனாலும் குண்டு ஊமை. அப்படியானால் டேங்கில் இருப்பது பிளாஸ்மா மட்டும்தானா என்று பாருங்கள்.

சூடான பிளாஸ்மாவைப் பெறும் வழக்கமான வழி, எரி அறையில் பிளாஸ்மாவைக் கூடுதலாகவும் ஆக்சிஜனைக் குறைவாகவும் விட்டு எரிப்பது. ஆக்சிஜன் தீர்ந்ததும் தீ அடங்கும், எரியாத பிளாஸ்மா சூடாக மிஞ்சும். கூடவே எரிந்ததன் கழிவாகக் கார்பன் டை ஆக்சைடும் மிஞ்சும். ஃபில்டர் வைத்துப் பிரிக்காமல் அப்படியே டேங்கில் ஏற்றுகிறவர்கள் உண்டு.

பாதிக்குப் பாதி கார்பன் டை ஆக்சைடு கலந்திருக்கிறது என்று வையுங்கள். அதன் கொள்திறன் 30 மட்டுமே. 700 கெல்வினில் நிரப்பிய அந்த டேங்க், குளிர்ந்த ஆக்சிஜனோடு கலந்தால் 308 கெல்வின்தான் வருகிறது. 35 டிகிரி. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலின் அளவுகூட இல்லை. வெப்பமானி ஒரே எண்ணைக் காட்டினாலும் உள்ளே சுமக்கும் வெப்பம் பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிட்டது.

ஃபில்டரைப் பிளாஸ்மாவுக்கு வைத்து, பிரிந்து வரும் பக்கத்தை மட்டும் கேனிஸ்டர் என்னும் பெரிய வாயுக் கலத்தில் சேருங்கள். ஃபில்டர் பாதியில் நின்றால், அதன் வெளியீட்டுக் குழாய்களில் ஒன்று நிரம்பியிருக்கும். கழிவு போகும் பக்கத்துக்கும் ஒரு போக்கிடம் வேண்டும்.

வெடித்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிடச் சிறியது

இங்கே மூன்று எண்களை மனத்தில் வையுங்கள். 30 வளிமண்டல அழுத்தத்தில், அதாவது 3,040 கிலோபாஸ்கலில், டேங்க் நலிந்து கசியத் தொடங்கும். 35-இல் கிழிந்து வாயுவைக் கொட்டிவிடும். 40-ஐ, 4,053 கிலோபாஸ்கலைத் தாண்டினால்தான் வெடிப்பு. 40-ஐ எவ்வளவு தூரம் தாண்டுகிறதோ அதை வைத்தே வெடிப்பின் ஆரம் கணக்காகும். அடியோடு அழியும் உள்வட்டம் அந்த ஆரத்தில் கால், பலத்த சேத வட்டம் அரை, லேசான சேதம் முழு ஆரம். 40-ஐத் தாண்டியதும் கலவைக்கு மேலும் மூன்று முறை எரிய வாய்ப்புக் கொடுத்துவிட்டுத்தான் இறுதி அழுத்தத்தை நிரல் எடுக்கிறது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. கலவை 373-ஐ மயிரிழையில் தாண்டினால் தீ மெதுவாக எரியும். அழுத்தம் 30-க்கும் 40-க்கும் இடையே தவழ்ந்து ஏறும், அதற்குள் டேங்க் நலிந்து வாயு வெளியேறிவிடும். மேலே சொன்ன 700 கெல்வின் குண்டின் நிலை இதுதான். கலந்தவுடன் அழுத்தம் சுமார் 3,000. பற்றியது, ஆனால் சோம்பலாக எரிந்து பெரும்பகுதி கசிந்து போனது.

பிளாஸ்மாவை உச்சிக்குச் சூடாக்கினால் என்ன என்று தோன்றும். 1,370 டிகிரி வரை ஏற்றிப் பார்த்தோம். கலவை 556 கெல்வினுக்கு வந்தது, அழுத்தம் கலந்த கணமே 4,000-ஐத் தொட்டது. ஆனால் அதே 1,013 கிலோபாஸ்கல் டேங்கில் பிளாஸ்மா ஐந்து மோல் சொச்சம்தான் இருந்தது. எரிய விறகே போதவில்லை.

எனக்குப் பிடித்த தீர்வு வேறு. வெப்பநிலைகளை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு டேங்கின் அழுத்தத்தையும் ஒரே அளவில் கூட்டுங்கள். இரண்டையும் 2,026 கிலோபாஸ்கலுக்கு நிரப்பினால் மோல் இரண்டு பக்கமும் இரட்டிக்கும், கலவை வெப்பநிலை மாறாது, அழுத்தம் மட்டும் 6,000-ஐத் தாண்டும். கசியும் நிலையில் தங்காமல் ஒரே தாவலில் வெடிப்பு எல்லைக்குள் போய்விடுகிறது. ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிக் குண்டைக் கெடுத்தவர்களே அதிகம். ஆக்சிஜனை மட்டும் இரட்டித்தால் பணியாரச் சட்டிக் கதைதான்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆரம் ஓர் எண்ணுக்கு மேல் போகவே இல்லையென்றால் அது சர்வரின் உச்சவரம்பு. நிரலில் இயல்பாக இருப்பது உள்வட்டம் 3, பலத்த சேதம் 7, லேசான சேதம் 14. சர்வர் நடத்துகிறவர்கள் கூட்டியிருக்கலாம். வெடிப்பை அளக்கும் டாப்ளர் கருவி நிஜ ஆரத்தோடு, வரம்பு இல்லாதிருந்தால் வந்திருக்கும் ஆரத்தையும் காட்டும். உங்கள் கணக்கை அதனோடு ஒப்பிடுங்கள்.

பிளாஸ்மா டேங்க் கையில் இருக்கும்போதே அழுத்தம் ஏறுகிறது

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறி இது. டேங்கிலோ கேனிஸ்டரிலோ ஆக்சிஜன் மிச்சம் கலந்திருக்கிறது, 100 டிகிரிக்கு மேல் இருப்பதால் உள்ளேயே எரிகிறது. அளவியில் இரண்டு முறை அடுத்தடுத்துப் பாருங்கள். எண் ஏறினால், டேங்கை எரி அறைக்குள் போட்டுக் கதவை மூடிவிட்டு விலகி நில்லுங்கள். ஏறுவது நின்றுவிட்டால் மிச்ச ஆக்சிஜன் தீர்ந்தது என்று பொருள். அதற்குள் கழிவு சேர்ந்திருக்கும், மறுபடி வடிகட்டுங்கள். அதை அப்படியே வால்வில் மாட்ட வேண்டாம்.

எரி அறையில் பச்சை மூட்டம்

டிரிட்டியம். பிளாஸ்மாவைப் போல் 96 மடங்குக்கு மேல் ஆக்சிஜன் விட்டு எரித்தால் அது உருவாகும். எரியும்போது கதிர்வீச்சு தரும். தெரியாமல் வந்திருந்தால் நீங்கள் வால்வுகளை மாற்றித் திறந்திருக்கிறீர்கள். விண்வெளிக்குத் திறக்கும் கதவைத் திறந்து அறையைக் காலி செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஆய்வகத்துக்குள் ஊதா மூட்டம் பரவுகிறது

குண்டு தவறினால் ஓர் இரவின் உழைப்பு போகும். இது தவறினால் பக்கத்து அறைகளில் இருப்பவர்களின் உயிர் போகும். ஆகவே வரிசை முக்கியம்.

முதலில் உங்கள் மூச்சு. முகமூடி, ஆக்சிஜன் டேங்க், இரண்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். முகமூடி மட்டும் போட்டுக்கொண்டு டேங்கைத் திறக்க மறந்தவர்களை நான் தரையில் கண்டிருக்கிறேன். அடுத்து கேனிஸ்டர் வால்வு. வாயு வரும் வழியை அடைக்காமல் வேறு எதைச் செய்தாலும் பயனில்லை. மூன்றாவது, சுவரிலுள்ள காற்றுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மாசு நீக்கும் நிலைக்கு மாற்றுங்கள். நிலைமை மோசமென்றால் எல்லாக் காற்றையும் உறிஞ்சும் நிலை இருக்கிறது, ஆனால் உள்ளே டேங்க் இல்லாத யாரும் நிற்கக் கூடாது. ஆக்சிஜன் 16 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் மூச்சு முட்டும்.

பிறகு வானொலியில் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள்தான் நிலையத்தை எரிக்கிறார்கள். "டாக்ஸின்ஸில் பிளாஸ்மா கசிவு, வராதீர்கள்" என்று ஒரு வரி போதும்.

தீத்தடுப்புக் கதவுகள் தாமாக விழுந்திருந்தால் கடப்பாரையால் நெம்பித் திறக்காதீர்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, பின்வாசல் வரை கதவுகள் ஒரே கோட்டில் இருக்கும். காற்று ஓடவேண்டும் என்றே அப்படிக் கட்டினார்கள். எல்லாக் கதவும் திறந்திருந்தால் முன்வாசல் காற்று பின்கட்டுக் கொடியில் துணியை ஆட்டும். நிலையத்து நடைபாதையும் அப்படித்தான். ஒரு கதவை நெம்பினால், மூட்டம் ஆய்வகத்தில் நிற்காமல் ரோபாட்டிக்ஸ் அறை வரை போய்ச் சேரும். அங்கே யாராவது வெல்டிங் வைத்தால் முடிந்தது.

தீ பிடித்துவிட்டால் சூட்டோடு அழுத்தமும் கொல்லும். 550 கிலோபாஸ்கலுக்கு மேல் உடல் தாங்காது. தீயணைப்பு உடை இல்லாமல் ஆய்வுக் குறிப்பை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

ஏவுமுன்னே வெடித்துவிட்டது

எனக்கே நேர்ந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்த குண்டு, மேசைமேல் வைத்த நிலையில் வெடித்து, என்னோடு இருவரையும் கொண்டுபோனது. அந்த இருவரிடமும் ஆட்டம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். காரணம் மிக எளியது. சிக்னலர் பெட்டியிலிருந்து எடுத்ததும் 145.7 அலைவரிசை, 30 குறியீடு என்றே இருக்கும். நான் மாற்றவில்லை. வேறெங்கோ ஒருவர் தம் சிக்னலரைச் சோதிக்க ஒருமுறை அழுத்தினார், என் வால்வு கேட்டுக்கொண்டது.

குறியீடு 1 முதல் 100 வரை இருக்கிறது. அலைவரிசை, குறியீடு இரண்டையும் மாற்றுங்கள், வால்வில் பொருத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். பொருத்திய பின் எண்களை மாற்றும்போது கை தவறி அனுப்பும் பொத்தானைத் தொட்டவர்களும் உண்டு. குண்டு ஏவுதளத்தில் ஏறும்வரை கையிலுள்ள சிக்னலரைப் பைக்குள் வைத்திருங்கள்.

சிக்னலர் வால்வில் பொருந்த மறுக்கிறது

ஸ்க்ரூடிரைவரால் சிக்னலரை ஒருமுறை தட்டித் தளர்த்துங்கள். இறுகிய நிலையில் வால்வு அதை ஏற்காது. பொருத்தியதும் தானே இறுகிக்கொள்ளும்.

திறந்த வால்வு மறுபடி மூடிக்கொண்டது

சிக்னல் ஒவ்வொரு முறையும் நிலையை மாற்றும். முதல் அழுத்தம் திறக்கும், அடுத்தது மூடி வாயுவை இரு டேங்குக்கும் பிரித்துவிடும். நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. இங்கிருந்து வெளிநாட்டு சர்வருக்குச் செய்தி போய்வரச் சற்று நேரமாகும். "போகவில்லை போலிருக்கிறது" என்று திரும்பத் திரும்ப அழுத்தினால் எரியத் தொடங்கியதை நீங்களே அணைத்துவிடுவீர்கள். ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருங்கள்.

வெடித்தது தெரிகிறது, டாப்ளரில் பதிவு இல்லை

கருவியின் முகம் சோதனைத் தளத்தை நோக்கி இருக்கிறதா? முதுகுப் பக்கத்து வெடிப்பை அது பதியாது. திருப்பி வைத்துவிட்டு, அடுத்த குண்டை ஏவுதளத்தில் வையுங்கள். வெளிக்கதவு முழுதாகத் திறந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ஏவுங்கள். போன வாரம் சின்னத் தம்பி கதவுப் பொத்தானையும் ஏவும் பொத்தானையும் ஒரே மூச்சில் அழுத்தினான். குண்டு பாதி திறந்த கதவில் மோதி அவன் காலடியிலேயே வந்து நின்றது. நல்லவேளை, சிக்னலர் பைக்குள் இருந்தது. எடுத்து மறுபடி வைத்து, கதவைத் திறந்து, பத்து எண்ணிவிட்டு அனுப்பினான். டாப்ளர் 2, 5, 10 என்று காட்டியது. அதை அவன் தாளில் எழுதி, கீழே தேதியும் போட்டு, பெட்டகத்துக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான்.